பலகைக்கு இருநூறு அடி தள்ளி

"பெட்டியைப் பலகைக்குக் கீழ கொண்டு போய் வைங்க, மெர்வின். இல்லேன்னா பட்டியல்லேருந்து தூக்கிடுவேன்."

இதைச் சொல்லத்தான் ஷோனா நூற்றிருபது கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். சாலையோரம் அந்தப் பலகை நின்றது. ‘வாரமின்னா, 1909–1951. பள்ளி, தபால் நிலையம், கடை, முப்பது வீடுகள் இங்கே இருந்தன.’ இப்போது அறுத்த கோதுமைத் தாளும் ஈயும்தான் பாக்கி.

ஊர் இல்லாமல் போன இடங்களில் இப்படிப் பெட்டி ஒளித்துவைப்பது அந்தப் பக்கத்தில் ஒரு விளையாட்டு. போனில் பெட்டிகளின் பட்டியலையும் குறிப்பையும் பார்த்துக்கொண்டு வருகிறவர்கள் பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதுவார்கள். ஒரு சாமானை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். இதற்கெல்லாம் விதி உண்டு, விதியைக் காக்கத் தொண்டர்களும் உண்டு. ஷோனா அவர்களில் ஒருத்தி. சம்பளமில்லாத வேலைக்கு இவ்வளவு கறாரா என்று அவள் வீட்டிலேயே கேட்பார்கள்.

மெர்வின் பெட்டிமேல் மூன்று புகார். பலகைக்கு இருநூறு அடி தள்ளி, முள்ளுக்குள்ளே, பார்க்க ஒன்றுமே இல்லாத இடத்தில் கிடக்கிறதாம். போதாததற்குப் பாம்பு வேறு.

மெர்வினுக்கு எண்பதுக்கு மேல். வாரமின்னாவில் பிறந்தவர்களில் அவர் ஒருவர்தான் மிச்சம். பெட்டிக்குப் பக்கத்தில், முள்ளோரம், தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார். முள்ளை வெட்டிவிடுகிறேன் என்றார். பாம்பு அண்டாமல் சரளை கொட்டுகிறேன் என்றார். இடத்தை மாற்ற மட்டும் முடியவே முடியாது என்றார்.

"எதுக்கு இவ்வளவு வீம்பு? பலகைகிட்ட வச்சா இன்னும் நாலு பேர் வருவாங்க. உங்க ஊருக்குத்தானே நல்லது?"

"அவங்க பலகைகிட்ட வந்து எனக்கு என்ன ஆகணும்? இங்க வரணும்."

ஷோனாவுக்குப் பொறுமை போய்விட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தாள். பொம்மைக் குதிரை, கோலிக்குண்டு, சிவப்பு ரிப்பன். மற்ற பெட்டிகளில் சாவிக்கொத்து, கத்தி என்று என்னென்னவோ கிடக்கும். இவரோ ‘குழந்தைச் சாமான் மட்டும்’ என்று மூடியில் எழுதி ஒட்டியிருந்தார். இதிலும் இவருக்குத் தனிச் சட்டமா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. மூடியை அழுத்தி மூடி, பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்து நடந்தாள்.

பத்தடி போயிருப்பாள்.

"ஷோனா, கொஞ்சம் நில்லும்மா." மெர்வின் கூப்பிட்டார். "கல்லறை மேல பெட்டி வைக்கக் கூடாதுன்னு உங்க விதியில ஒண்ணு இருக்கில்ல. அதுக்குப் பயந்துதான் வாயைத் திறக்கல."

அவள் திரும்பிப் பார்த்தாள். முள்தான் இருந்தது. கல் ஒன்றையும் காணோம்.

"என் தங்கச்சி எல்சி. தொண்டை அடைப்பான்ல போனா, நாலு வயசு. ஊரைக் காலி பண்ணினப்போ அடுப்பு, கதவு, தகரக்கூரைன்னு ஒண்ணு விடாம வண்டியில ஏத்திட்டோம். அவளை மட்டும்தான் விட்டுட்டு வந்தோம்."

ஷோனா திரும்பி வந்தாள். மண்டியிட்டு, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, போனில் ‘இடம் சரி’ என்று பதிந்தாள்.