இருபதாவது குண்டூசி

"குத்தினது இருபது. எடுத்தது பத்தொம்பதுதான்டி!"

மேடைக்குப் பின்னால் குண்டூசிகளை எண்ணிய பள்ளி ஃபேஷன் வகுப்பு மாணவிக்கு உயிரே போய்விட்டது. அவள் தைத்த உடையில்தான் தலைமையாசிரியை மேடையில் பேசிக்கொண்டிருந்தார். மாணவிகளை வேலைக்குத் தேர்ந்தெடுக்க வந்த ஆடை நிறுவன முதலாளி எதிரே இருந்தார்.

"உட்காந்தா குத்திடுமே!"

"பேச்சு முடியக்கூடாதுன்னு வேண்டிக்கோ," என்றாள் தோழி.

எப்போதும் ஐந்து நிமிடத்தில் பேச்சை முடிக்கும் தலைமையாசிரியை, அன்று முதலாளியே சலித்து எழுந்துபோகும்வரை பேசினார். பிறகு நேரே அவளிடம் வந்தார்.

"மேடம், குண்டூசி..." என்று இழுத்தாள் மாணவி.

"மேடை ஏறும்போதே குத்திடுச்சும்மா. அந்த முதலாளி முன்னாடி உன்னைக் காட்டிக்கொடுக்கவும் மனசில்ல, உட்காரவும் பயம். வேற என்ன பண்றது, பேசினேன். சீக்கிரம் எடு!"