இரண்டாவது பிடி

பல் டாக்டருக்கு இன்று வாய்த்திருப்பது சாப்பாட்டு இடைவேளையில் மிஞ்சிய அரை மணி நேரம். ஊரிலுள்ள பற்களெல்லாம் பேசிவைத்துக்கொண்டு இந்த மாதமே சொத்தையாகிவிட்டதால், அவர் கிட்டாரைத் தொட்டு ஒரு யுகம் ஆகிறது. மாலை கிட்டார் வகுப்பில், 'கார்ட்' எனப்படும் விரல்பிடிகளில் இரண்டாவது பிடியை வாசித்துக் காட்டாவிட்டால், மறுபடியும் குழந்தைகள் பிரிவில்தான் உட்கார வேண்டும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து கட்டில் விளிம்பில் அமர்ந்து, தெரிந்த ஒரே பிடியை மீட்டுகிறார். திரைச்சீலையைத் தாண்டி வந்த வெயில் கிட்டாரின் வயிற்றில் தேங்கி நிற்கிறது. இதுவரை கூரையே பிய்ந்து போகிறாற்போல் அழுத மகள், தொட்டிலில் வாயோரம் எச்சில் ஒழுக அடங்கிப்போகிறாள். அவர் விரல்களைப் பூனைநடையாக இரண்டாவது பிடிக்கு நகர்த்துகிறார். வால் மிதிபட்ட பூனையாகக் கம்பி கத்துகிறது. தொட்டிலில் ஒரு கால் எழும்புகிறது, உதடு பிதுங்குகிறது. பக்கத்து அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும் மனைவி, மைக்கைப் பொத்திக்கொண்டு கதவிடுக்கில் தலையை நீட்டுகிறாள். "என்னங்க, நல்லாத்தானே போய்ட்டிருந்துச்சு? பழசையே வாசிங்க." "சாயங்காலம் வாத்தியார் இதைத்தான்டி கேப்பாரு." "அவரைச் சமாளிச்சுக்கலாம். இவளை யாரு சமாளிக்கிறது?" தலை மறைகிறது. அவர் முதல் பிடிக்கே திரும்புகிறார். எழும்பிய கால் மெதுவாக இறங்குகிறது. எப்பேர்ப்பட்ட கடைவாய்ப் பல்லையும் அசைத்துப் பார்க்கும் விரல்கள், அரை அங்குலம் நகரத் துணிவில்லாமல் அதே கம்பிகளில் ஒட்டிக்கிடக்கின்றன. மகள் தூக்கத்திலேயே, ஒரு பல்கூட முளைக்காத வாயைத் திறந்து சிரிக்கிறாள்.