கடமான் வீடியோ

தொப்பியில் கேமராவை மாட்டிக்கொண்டு, தான் கடமானைச் சுட்டதை ஹோல்கெர் இணையத்தில் போட்டிருந்தான். முன்னூறு பேர் கேட்டிருந்தார்கள்: "இது எந்த இடம்?"

மானைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. குழப்பத்தோடே எல்லோருக்கும் வழி எழுதினான்.

மறுநாள் மனைவி குன்வோர் வெறும் கூடையோடு திரும்பினாள்.

"காடு பூரா கூட்டம். உன் வீடியோவப் பாத்துட்டு வந்தாங்களாம்."

"துப்பாக்கியோடயா?"

"ஆளுக்கொரு கூடையோட!"

"கடமானுக்கு எதுக்குக் கூடை?"

அவள் வீடியோவை ஓடவிட்டு நிறுத்தினாள்.

"மானை விடு. உன் பூட்ஸைப் பாரு."

பூட்ஸைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாக, ஊரே தேடியலையும் ருசியான காட்டுக் காளான்.

"எங்கம்மா சாகறப்ப எங்கிட்ட மட்டும் சொன்ன இடம்."

"இருபது வருஷமா எங்கிட்ட மூச்சே விடலையே, குன்வோர்?"

"ஏன்னு இப்பப் புரியுதா?"