அறுபது வருட மேரி

முட்டி இரண்டும் தீயாய் எரிந்தன. ஒரு காலத்தில் கல்தரையை மண்டியிட்டுத் தேய்த்த முட்டிகள். மேடு ஏறச் சொன்னால் சண்டைக்கு வரும். ஆனாலும் ஹெஸ்டர் தடியை ஊன்றி அந்தப் பழைய வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

“என்ன ஹெஸ்டரம்மா, ஓசிக் கேக்குன்னா முட்டிவலி ஓடிப்போயிடுமா?” என்றான் கறிக்கடை பெர்சி.

“உன் கடை எலும்பைக் கடிச்சுப் போன பல்லுடா. இனி கேக்குதான் தோது.”

அவள் கேக்குக்கு வரவில்லை. அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் பெயரைக் கல்லில் செதுக்கி இன்று திறக்கிறார்கள். வேலைக்காரர்களையும் விடவில்லையாம். அவள் அக்கா ஐவி அங்கேதான் வேலை பார்த்தாள். வெந்நீர் வாளியோடு பின்படியில் உருண்டு செத்தாள். கல்லறையில்கூட அவளுக்கு ஒரு கல் இல்லை. இங்கேயாவது பெயர் இருக்க வேண்டும்.

வீட்டைப் புதிதாக வாங்கிய பெல்லிங் கல்லை மூடியிருந்த திரையை விலக்கினார். மேலே இரண்டு பாதிரியார்கள், ஒரு கர்னல், அவர் மனைவி. கடைசி வரியில்: ‘மேரி, பணிப்பெண். அறுபது ஆண்டுகள்.’

“ஐவி பேரைக் காணோமே, ஐயா?”

“அப்படி யாரும் இங்க இருந்ததில்லையேம்மா. கர்னல் மகன்கிட்டயே கேட்டேன். ‘நான் பொறந்ததுலேர்ந்து அம்மா சாகிற வரைக்கும் மேரிதான்’னு சொன்னார். அறுபது வருஷம், ஒரே வீடு! இப்ப எங்க கிடைக்கும் அந்த விசுவாசம்?”

கூட்டம் கைதட்டியது. பெல்லிங்கின் மனைவி ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள். பரணில் கிடைத்த மேரியின் பூட்ஸ், இரண்டு ஜோடி. ஒன்று ஆம்பிளை அளவு. மற்றது சின்னப் பெண்ணுடையது போல.

“வயசானா கால் சுருங்கிடும் போல!” பெர்சி சிரித்தான்.

ஹெஸ்டர் சிரிக்கவில்லை. பெரிய ஜோடிக்கு நேராகக் கண்ணாடியில் கை வைத்தாள். “இது எங்க அக்காவோடது.”

“இல்லம்மா, அது மேரியோடது” என்றார் பெல்லிங், குழந்தைக்குச் சொல்வதுபோல.

“ஆள் மாறினா புதுப் பேரைப் பழகிக்கிறது எஜமானியம்மாவுக்குச் சிரமமாம். வர்றவ எல்லாரும் மேரிதான். அக்காவைப் புதைச்ச மறுநாள் அந்தச் சின்ன பூட்ஸோட நான் உள்ளே வந்தேன்.”

ஹெஸ்டர் தடியைத் தூக்கிக் கல்லின் கடைசி வரியைக் காட்டினாள்.

“நாங்க நாலு மேரி, ஐயா. கல்லுல எங்க சொந்தப் பேரு இன்னும் பாக்கி.”