துவைக்காத துணிகள்

கொடி நிறைய அவளுடைய துணிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

லாண்டரிக்காரன் வாசலிலேயே நின்றுவிட்டான். கையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய டப்பா, காலியாக.

நைட்டிகள், கடைக்கு அவன் மனைவி போட்டுவரும் மேல்சட்டைகள், ஓரம் பிரிந்த அந்தப் பச்சைத் துப்பட்டா. எல்லாவற்றிலிருந்தும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருக்கும் அக்கா, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பாவம், இடுப்புப் பிடிப்போடு காலையெல்லாம் குனிந்து நிமிர்ந்திருக்கிறாள்.

"எத்தனை நாளைக்குத்தான்டா அந்த மூட்டையைக் கட்டிலுக்கு அடியிலயே வெச்சிருப்ப? உன் கடைப் பவுடரைத்தான் போட்டேன். ஒரு பொட்டு வாடை இல்ல, பாரு."

அவன் கடைப் பவுடர் அப்படித்தான். எண்ணெய்ப் பிசுக்கோ வியர்வையோ, இருந்த இடம் தெரியாமல் செய்துவிடும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவனே வாய் ஓயாமல் அதைப் பெருமையடித்திருக்கிறான்.

'மடிப்பு' என்று அவனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. சட்டை மடிப்பு கலைந்துவிடும் என்று பெற்ற பிள்ளையைக்கூட இவன் தூக்கமாட்டான் பாருங்கள் என்று தெருவில் கேலி செய்வார்கள்.

ஆனால் ஊர்த் துணியை எல்லாம் வெளுத்துக் கொடுப்பவன், வீட்டுத் துணியை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுவான். அதற்கு மனைவி திட்டாத திட்டு இல்லை. லாண்டரிக்காரனைக் கட்டிக்கொண்டு அழுக்கு மூட்டைக்கு நடுவில் குடித்தனம் நடத்துகிறேனே என்று, வளர்ந்துவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்தச் சோம்பலால்தான் ஒரு மூட்டை மிஞ்சியது.

அந்த மூட்டையை வைத்துத்தான் மகளின் பொழுது போய்க்கொண்டிருந்தது.

நாள் நிறையும் முன்பே அவசரப்பட்டு வந்துவிட்ட மகள். கண்ணாடிப் பெட்டிக்குள், விரித்த கையளவுக்குக் கிடக்கிறாள். நர்ஸுகள் அவளை எறும்பு என்று கூப்பிடுகிறார்கள்.

எறும்புக்கு ஒரு கெட்ட பழக்கம். திடீர் திடீரென்று மூச்சுவிட மறந்துபோவாள். மெஷின் கத்தும். நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டுவாள். அப்புறம், போனால் போகிறது என்பதுபோல் ஒரு மூச்சு.

அவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு நிற்பான்.

பெரிய நர்ஸம்மாதான் ஒரு வழி சொன்னாள். அம்மா வர முடியாத பிள்ளைக்கு, அம்மா உடுத்திய துணியையாவது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றாள். வயிற்றுக்குள் இருந்தபோதே பழகிய வாசனையாம் அது. துவைக்காத துணியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் இரண்டு தரம் அழுத்திச் சொன்னாள்.

அன்றிலிருந்து மூட்டையில் ஒவ்வொரு துணியாக எடுத்து, அது தீரும்வரை கைக்குட்டை அளவு வெட்டி, டப்பாவில் போட்டு இறுக்கி மூடி, ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோவான். நர்ஸம்மா அதை மெல்லிய சுத்தமான துணியில் சுற்றி, எறும்பின் தலைமாட்டில் ஓரமாக வைப்பாள்.

அன்றைக்கு மெஷின் அவ்வளவாகக் கத்தாது. வாசனை வடிந்ததும் மறுபடி கத்தும். மறுபடி ஒரு துண்டு.

இதை அவன் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. லாண்டரிக்காரன் அழுக்குத் துணியைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? கூச்சமாக இருந்தது.

சொல்லியிருக்கலாம்.

இப்போது சொன்னான். கொடியைப் பார்த்தபடியே, மெதுவாக.

"பாப்பா அந்த வாசனையிலதான்க்கா மூச்சு விடுறா."

அக்கா நேராகக் கொடிக்குப் போனாள். முதல் நைட்டியைப் பிடித்து முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. கழுத்துப் பக்கம், கை மடிப்பு, உள்பக்கத் தையல் என்று திருப்பித் திருப்பித் தேடினாள். சோப்புத் தண்ணீர் அவள் முகமெல்லாம் வழிந்தது.

துப்பட்டாவுக்கு வந்தபோது அவன் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். திட்டுவதற்கு அவனிடம் ஒன்றுமில்லை. தோளை ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே போனான்.

இன்றைக்குப் பிள்ளையின் அம்மா உடுத்தியிருப்பதை வாங்கிக் கொடுத்தால் ஆயிற்று, இதற்கு ஏன் இத்தனை பாடு என்று உங்களுக்குத் தோன்றும்.

அம்மாவும் மகளும் ஒன்றாக இருந்தது, பிரசவ அறையில் அந்தக் கொஞ்ச நேரம்தான். மகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மாடிக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவை முகம் மூடிக் கீழே கொண்டுபோனார்கள்.

அலமாரியில் இருப்பதெல்லாம் அவனே துவைத்து, இஸ்திரி போட்டு அடுக்கியவை. அதில் அவள் இல்லை.

கட்டிலில் சுவரோரமாக அவளுடைய தலையணை இருந்தது. அக்காவைக்கூட அதைத் தொட விட்டதில்லை. தூக்கம் வராதபோது அதன் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். முகம் படாமல், மூச்சு எட்டும் தூரத்தில்.

உறையைக் கழற்றினான். சின்னச் சின்னத் துண்டாக வெட்டினால், எறும்பு கொஞ்சம் தேறும்வரைக்கும் வரும்.

ஒரு மூலையை மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்ளலாமா என்று கத்திரிக்கோல் தயங்கியது.

பிறகு கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, மடிப்புக்கூடப் பார்க்காமல் முழு உறையையும் டப்பாவுக்குள் திணித்தான்.

மூடும்போது பார்த்தான். உறையின் ஓரத்தில் நீளமாக ஒரு முடி ஒட்டியிருந்தது.

எடுத்து மோந்து பார்த்தான். வாசனை ஒன்றும் இல்லை. மகளுக்கு அது உதவாது.

விரலில் சுற்றி, தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.