பன்னிரண்டு வார்த்தைகள்

அண்ணன் படுத்திருந்த அறையில்தான் தம்பி அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்தான்.

"ஏங்க, உடம்பு முடியாத மனுஷன். இந்த இரைச்சலும் சூடும் அவருக்கு எதுக்கு?" என்றாள் மனைவி.

"ஹால்ல வெச்சா நீ டிவி பார்க்க முடியாது. நம்ம ரூம்ல வெச்சா நான் தூங்க முடியாது. அண்ணனுக்கு என்ன தெரியப் போகுது?"

அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் கண்டக்டராக இருந்தவர். கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல். பக்கவாதம் வந்ததிலிருந்து ஒரு சொல் கிடையாது.

"தினமும் பத்து நிமிஷம் பக்கத்துல உட்கார்ந்து பேசுங்க. சொன்ன வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்லுங்க. காதுல விழுந்தாத்தான் வாயில வரும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தம்பி தலையைத் தலையை ஆட்டினான். வீட்டுப் படி ஏறியதும் அது காற்றோடு போயிற்று.

ஐயாவுக்கு இப்போது கிரிப்டோ மைனிங் பைத்தியம். வீட்டுக் கம்ப்யூட்டர் ராப்பகலாகக் கணக்குப் போட்டால், கூலியாகக் காயின் சேருமாம். சேர்வதெல்லாம் ஒரு வாலட்டுக்குள் போகும். அதற்குச் சாவி பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள், வரிசை மாறாமல். மறந்தால் ஆண்டவனே வந்தாலும் திறக்காது.

"ஒரு பேப்பர்ல எழுதி வைங்களேன்."

"எழுதினா எவனாவது பார்த்துடுவான். என் மண்டையை விடப் பத்திரமான பெட்டி எது?"

பதினைந்து நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அதன் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி மனப்பாடம் செய்தான். "பென்சில், ரிவர், லெமன், விண்டோ..." பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்தவனில்லை.

நெட்டுரு ஆனதும் எழுந்து போனவன்தான். காயின் எவ்வளவு சேர்ந்தது என்று போனிலேயே பார்த்துக்கொண்டான். பார்க்கத்தான் முடியும், எடுக்க வாலட்டைத் திறக்க வேண்டும். மனைவி வேளாவேளைக்கு வந்து அண்ணனுக்கு ஊட்டிவிடுவாள். அந்த இரைச்சலில் யார் தொண்டையைக் கிழித்துக்கொள்வது என்று பேசாமலே திரும்பிவிடுவாள்.

பத்தாவது மாதம் அந்த அறையிலிருந்து புகை வந்தது. ஓடி வந்த தம்பி முதலில் தூக்கியது கம்ப்யூட்டரை. அண்ணனைக் கட்டிலோடு ஹாலுக்கு இழுத்தது மனைவி.

கம்ப்யூட்டர் கருகிவிட்டது, அதில் திறந்திருந்த வாலட்டோடு.

"பயப்படாதே. பன்னிரண்டு வார்த்தையையும் போன்ல போட்டா வாலட் திறந்துடும்" என்றான்.

பென்சில், ரிவர், லெமன், விண்டோ வந்தன. அடுத்தது சிஸ்டரா, டாக்டரா? முட்டி மோதி எட்டு வார்த்தை தேறியது. மிச்சம் நாலு வரவே இல்லை.

"சொந்த வீட்டுக்குன்னு சேர்த்ததை எல்லாம் இதுலதானே கொட்டினேன்" என்று அண்ணன் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதான். அவர் நோயில் விழுந்ததிலிருந்து அந்தக் கட்டிலில் அவன் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

முதுகுக்குப் பின்னால் கரகரவென்று ஒரு குரல்.

"பென்...சில்."

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"ரிவர்... லெமன்... விண்டோ..."

அண்ணன்தான். வாய் ஒரு பக்கம் கோண, மூச்சு வாங்க, பன்னிரண்டு வார்த்தைகளையும் வரிசை பிசகாமல் சொல்லி முடித்தார். தம்பி ஒவ்வொன்றாக டைப் செய்தான். வாலட் திறந்தது.

"இருக்கு. எல்லாம் அப்படியே இருக்கு" என்றான்.

மனைவி அவன் பக்கம் திரும்பவே இல்லை. கட்டிலருகே போய்க் குனிந்தாள்.

"மாமா, உங்களுக்குப் பேச்சு வந்துடுச்சு. இன்னும் ஏதாவது பேசுங்க மாமா. என்ன வேணும்?"

அண்ணன் மேஜை மேலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தார். வாயைத் திறந்தார். எதையோ தேடினார்.

"ரிவர்" என்றார்.

அதில்லை என்று தலையசைத்தார். மறுபடி முயன்றார்.

"லெமன்."

அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தம்பி போனைக் கீழே வைத்தான்.

"அண்ணே, என்னைப் பாருங்க. தம்பின்னு சொல்லுங்கண்ணே."

அண்ணன் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"பென்சில்."

"ஏன் இவருக்கு வேற எதுவுமே வர மாட்டேங்குது?" என்றான் தம்பி, பயந்துபோய்.

"அவர் காதுல வேற எதைங்க நாம போட்டோம்?" என்றாள் மனைவி.