ஒரு பக்கம் சாய்ந்த நடை

2047 மார்ச் 14, வியாழக்கிழமை. கோயம்புத்தூரில் வானம் மூடியிருந்தது, மழை பெய்யவில்லை.

அன்று மிருதுளாவுக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. ஆயுத நிறுவனமொன்றின் நிதியில் ஐந்தாண்டுகள் உழைத்து, துப்பாக்கி சுமப்பவரை நடையைக் கொண்டே இனங்காணும் முறையை அவள் உருவாக்கியிருந்தாள். உருவாக்கிய முறையால் ஆளொருவரை நேரடியாகச் சுட்டுக் காட்டாமல் இப்போது அவள் படித்த பல்கலைக்கழகத்தில் பட்டம் கிடையாது.

தேர்வறைத் திரையில், தொலைதூர எல்லைக் கிராமமொன்றின் மேல் பறந்த ஆயுத டிரோனின் வெப்பக் கேமராவில், நிழலுருவாக ஒரு பெண் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். கருவி, "துப்பாக்கி" என்றது.

மிருதுளா பதறி எழுந்தாள். அவள் நடக்கவைத்துப் பதிவு செய்தவர்கள் அனைவரும் விடுதி மாணவர்கள். அவர்களில் ஒருவரும் தண்ணீர் சுமந்து நடக்கவில்லை.

"சார், அது துப்பாக்கி இல்லைங்க, இடுப்புல தண்ணிக்கொடமுங்க! நிறுத்தச் சொல்லுங்க!"

நெறியாளர் சுதாகர் நகைத்தார். "ஏ அம்மிணி, உன்ற தீசிஸை நீயே தப்புங்கறயா? எதிர்கால ஆய்வுக்கான பரிந்துரைன்னு கடைசி அத்தியாயத்துல ஒரு வரி சேர்த்துடு. சமோசா வந்தாச்சா பாரு."

"எனக்குப் பட்டமே வேண்டாமுங்க!"

"வேண்டாம்னா விடும்மா" என்றார் நிறுவன அதிகாரி, சுடும் பொத்தானில் விரலை வைத்தபடி. "முறை எங்களோடது."

திரையில் அந்தப் பெண் விழுந்தாள். அவளருகே குளிர்ந்த நீர் கருமையாகப் பரவியது. அப்போது முற்பகல் மணி பதினொன்று நாற்பத்திரண்டு.